எழுத்து வராத எட்டு நிமிடம்

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஸ்லைடு போட்டுப் பேசுவது எப்படி என்று வகுப்பு எடுப்பது என் வேலை. அந்த வகுப்பில் ஒரு கதை சொல்வேன். கிராமத்து அம்மா ஒருவர், பெரிய மனிதர்கள் முன்னால் ஃப்ளாப்பியைப் போட்டதும் திரை முழுக்க யாருக்கும் புரியாத எழுத்தாக வந்து நின்ற கதை. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எங்கே போனாலும் ஃபான்டைக் கையோடு எடுத்துப் போங்கள் என்று முடிப்பேன். பல வருடங்களாக இப்படித்தான் சொல்லி வந்தேன். போன வாரம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், "அந்த ஃபான்டை யார் எடுத்துட்டுப் போயிருக்கணும் மேடம்?"

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், ஒரு தடவைகூட மரியாதை குறையாமல்.

அப்போது நான் பட்டப்படிப்பு முடித்து மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அந்த எரிச்சலை யார் கிடைத்தாலும் அவர்கள் மேல் காட்டுவேன். மாடியில் சென்டர், கீழே எலெக்ட்ரிக் கடை. மாடிப்படி முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் வெறுங்காலோடு வரவேண்டும். சிங்கப்பூர் போவதற்காகப் படிக்கிற பையன்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவன் செல்வம். படித்துக்கொண்டே வாசல் மேசையையும் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் காலையில் அக்கா வந்து அவனிடம், "பவர் பாயிண்ட் வேணுங்க" என்றிருக்கிறார்.

"கீழ எலெக்ட்ரிக் கடையில கேளுங்கம்மா. வயர்மேனை அனுப்புவாங்க."

அக்கா இறங்கிப் போனார். கடைக்காரர் வீட்டில் எத்தனை ரூம், மோட்டாருக்கா மிக்சிக்கா, அஞ்சு ஆம்ஸா பதினஞ்சு ஆம்ஸா என்று கேட்டிருக்கிறார். அக்காவும் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து மறுபடி மேலே வந்தார். கையில் ஒரு கடிதம். அதில் "பவர்பாயிண்ட்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. நான் செல்வத்தை முறைத்தேன்.

"தம்பி மேல தப்பில்லைங்க. நாந்தான் சரியாக் கேக்கல" என்றார் அக்கா.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அது. அடுத்த ஐந்து வாரமும் அதையேதான் வேறு வேறு மாதிரி கேட்டேன்.

கடிதத்தின் விஷயம் இதுதான். தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனம், வெளிநாட்டு உதவியோடு நான்கு வாய்க்கால்களைத் தூர் வாரி, மதகுகளுக்குப் புதுக் கதவு போடப்போகிறது. எந்த நான்கு என்று முடிவு செய்ய, ஒவ்வொரு ஊர் மகளிர் குழுவும் வந்து எட்டு நிமிடம் பேசவேண்டும். ஸ்லைடு போட்டுப் பேசினால் நல்லது. அக்காவின் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறாகி, வாய்க்காலாகி, கிளை வாய்க்காலாகிப் பிரிந்து பிரிந்து கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் இரண்டு சம்பா கருகியிருந்தது. குழுவில் பத்தாவது முடித்தவர் அக்கா ஒருவர்தான். அதனால் அவரை அனுப்பினார்கள். இந்தத் தடவையும் வாய்க்கால் வெட்டாவிட்டால் குத்தகை நிலத்தை விட்டுவிடவேண்டியதுதான் என்று முதல் நாளே சொன்னார். சொந்தம் இரண்டு மா, குத்தகை நான்கு மா; மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். புருஷன் குவைத்தில் டிரைவர். போன புதிதில் கடிதம் வந்துகொண்டிருந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். அதற்கும், "நான் எழுதற லெட்டர்ல எப்பப் பாத்தாலும் தண்ணி வரல, பயிர் போச்சுன்னே எழுதுவேன் டீச்சர். அதைப் படிச்சுப் படிச்சு அவருக்கும் வெறுத்துப் போயிருக்கும்" என்றார்.

எதற்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். பஸ் வழியில் நின்றுபோனால், "இதுக்கு முந்துன வண்டியில வந்திருக்கணும் நான்" என்பார். வேதக்காரர், கிறிஸ்தவர். பூசையில் எல்லாரும் ஒன்றாக மார்பில் தட்டிக்கொண்டு பாவத்தை ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு என்று செல்வம்தான் எனக்குச் சொன்னான், அவனும் வேதக்காரன். "ஊரே தட்டி முடிச்சப்புறமும் இந்த அக்கா மட்டும் தட்டிக்கிட்டே இருப்பாங்க மேடம்" என்று செய்து காட்டினான். நான் சிரித்தேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எதையும் அமுக்கல டீச்சர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, அமுக்கியிருப்பேன்" என்றார்.

"தெருவுக்கே கரண்ட்ட நிறுத்திட்டீங்களேக்கா" என்றான் செல்வம். "ஈபிக்காரன் ஆள் தேடிக்கிட்டு வரப்போறான், எந்திரிச்சு ஓடுங்க."

"ஓடுனா மட்டும் விட்டுருவானா? கைநாட்டு மாதிரி எல்லாத்துலயும் என் விரல் சேறுல்ல ஒட்டியிருக்கு" என்று அக்காவும் சிரித்தார். சேறு எல்லாம் இல்லை. நடவு நாட்களில் மட்டும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதை மறைக்க விரலை மடக்கிக்கொண்டே மவுஸைப் பிடிப்பார். அம்பு திரையில் எங்கோ ஓடும். "இந்த எலி வளைக்குள்ள போகமாட்டேங்குது" என்பார்.

நான் பிரிண்டரில் காகிதத்தைக் கோணலாக வைத்து அது சிக்கிக் கிழிந்த நாளை எழுதியாகவேண்டும். சென்டர் நடத்தியவரை நாங்கள் சார் என்போம். சத்தம் கேட்டு சார் வந்து, "யாரு இது?" என்று கத்தினார். அக்கா பிரிண்டரிலிருந்து நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே, "நாந்தான் சார், தெரியாம இழுத்துட்டேன்" என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் கிழிந்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சார் போனபிறகு, "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்களத் திட்டுனா நாளு பூரா மனசு கெட்டுப் போகும். என்னையத் திட்டுனா சாயங்காலம் நான் ஊருக்குப் போயிடுவேன்ல."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வசதியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய கோப்பின் மேல் வேறொன்றைச் சேமித்து இரண்டு ஸ்லைடை அழித்துவிட்டேன். "நேத்து நீங்க சேவ் பண்ணாமப் போயிட்டீங்க" என்று அவரிடமே சொன்னேன். "அப்படியா டீச்சர், என் புத்தி இருக்கே" என்று தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு இரண்டையும் ஒரு விரலால் தேடித் தேடி மறுபடி அடித்தார். ஒரு காலை நேரம் முழுவதும் போனது.

இப்படி எழுதினால் அவர் ஏதோ அசடு என்று தோன்றும். இல்லை. அந்த வாய்க்காலைத் தலைப்பு மதகிலிருந்து கடைசி வயல் வரை ஒற்றையாக நடந்தவர். ஸ்டூடியோக்காரரிடம் கேமரா இரவல் வாங்கி வழியெல்லாம் படம் எடுத்திருந்தார். தலைப்பில் கரை தளும்பும் தண்ணீர். பாதி தூரத்தில் காட்டாமணக்குப் புதர், வாய்க்கால் இருப்பதே தெரியாது. கடைசிப் படத்தில் வெடித்த தரை. அதில் அவருடைய நிழல் விழுந்திருந்தது. "வெயில் எந்தப் பக்கம்னு நான் பாத்திருக்கணும்" என்றார். அந்த நிழலை வெட்டிவிடலாம் என்றேன். வெட்டினேன். இப்போது யோசித்தால் அந்த நிழல்தான் நல்ல படம்.

இன்னொரு படமும் இருந்தது. நடுவில் ஒரு ஊரில் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பியிருந்தார்கள். பலகை படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"இதைத்தான் முதல்ல காட்டணும். உங்க தண்ணிய எடுக்குறவங்க யாருன்னு தெரியட்டும்" என்றேன்.

"வேண்டாங்க டீச்சர்."

"ஏன், பயமா?"

"பயமில்ல. அவங்க வயலும் காஞ்சுதான் கெடந்துச்சு, நான் பாத்தேன். வாய்க்கால் வெட்டுனா தண்ணி ரெண்டு பேருக்கும் வரும். அப்புறம் எதுக்கு அவங்களுக்குப் பலகை?"

நான் வாதாடினேன். அவர் அந்தப் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் அவர் அசையாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். தன் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்வார். அடுத்தவர் மேல் ஏற்ற விடமாட்டார். அதில் ஒரு பலம் இருந்தது. அன்று எனக்கு அது தெரியவில்லை. ரொம்ப நல்லவராகக் காட்டிக்கொள்கிறார் என்று கோபம்தான் வந்தது.

பேசிப் பழகும்போது நான் செய்தது அதைவிட மோசம். முதல் தடவை அவர் திரையைப் பார்த்து, வயலில் நிற்பவர் போலப் பேசினார். "இந்த எடத்துல ஆம்பள ஆள் முங்குற தண்ணி ஓடுச்சுங்க. இப்ப ஆடு படுத்துக் கெடக்கு. இந்தப் பொதருக்குள்ள மண்வெட்டி போட்டா வேர் விடாது, நாலு பேர் இழுக்கணும்" என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். செல்வம்கூடக் கீபோர்டை விட்டுவிட்டுக் கேட்டான். நான் நிறுத்தினேன்.

"அப்படியெல்லாம் பேசக்கூடாது. ஸ்லைடுல எழுதியிருக்குறத மட்டும் படிங்க. எழுத்துல இல்லாததைப் பேசுனா படிக்காதவங்கன்னு நினைப்பாங்க."

அவருக்கு "படிக்காதவங்க" என்ற வார்த்தை தைத்துவிட்டது. அதன்பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எழுத்தை மட்டும் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வாசித்தார். அதைத்தான் நான் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஃபான்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. எந்தத் தமிழ் ஃபான்டில் அடித்தோமோ அந்த ஃபான்ட் அங்கேயும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாம் அடித்த தமிழ், ஆங்கில எழுத்தும் குறியும் கோடுமாகச் சிதறி நிற்கும். கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் ஸ்லைடுகளை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றினேன். படங்களைச் சுருக்கிச் சுருக்கி அடக்கியதில் ஃப்ளாப்பி நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்தேன். அக்கா ஃப்ளாப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துண்டில் சுற்றி, பைக்குள் வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. ஃபான்ட் ஏற்றவில்லை. இன்னொரு ஃப்ளாப்பி வேண்டும், சாரின் அறையில் இருக்கிறது. கம்ப்யூட்டரை மறுபடி போடவேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். என் ஊர் பஸ் ஆறே காலுக்கு. அடுத்த பஸ்ஸில் கூட்டம் தாங்காது.

தஞ்சாவூரில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ஊர், பெரிய ஆபீஸ், இல்லாமலா இருக்கும். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்குச் சுலபம். மறக்கவில்லை.

மறுநாள் சார் என்னையும் அனுப்பினார், "நம்ம சென்டர் பேரு அங்க தெரியட்டும்" என்று. கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டரில் முன்னாலேயே போட்டுப் பார்த்திருக்கலாம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குடிக்கவில்லை. மாடிப்படியின் கீழ் நின்று உதடு அசைய ஒப்பித்துக்கொண்டிருந்தார். தேய்த்து மடித்த நீலப் புடவை. அன்றைக்கு நகம் சுத்தமாக இருந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஒருவர் சென்னையிலிருந்து வந்த அம்மா. மூன்றாமவர் நேரம் பார்த்து மணி அடிக்கிறவர். அக்காவின் முறை வந்தது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஃப்ளாப்பியைப் போட்டேன். தலைப்பு மதகின் படம் நன்றாக வந்தது. அதன் கீழே தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் டாலர் குறியும் கொக்கியும் தலைகீழ் கேள்விக்குறியும் வரிசையாக நின்றன.

"என்னம்மா இது, எந்த ஊரு பாஷை?" என்றார் இன்ஜினியர். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஸ்லைடுக்குத் தட்டினேன். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"ஃப்ளாப்பியில ஏதோ ஆயிருக்கு சார்" என்றேன். ஏதோ ஆகியிருக்கிறதாம். தானாகவே ஆகியிருக்கிறதாம்.

"ஃப்ளாப்பிய யாரு வச்சிருந்தது?"

நான் வாயைத் திறப்பதற்கு நேரம் இருந்தது. ஃபான்ட் கொண்டுவரவில்லை சார், என் தப்பு. மூன்று நொடி போதும். அப்படிச் சொல்லியிருந்தால், சரி, அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றிருப்பார்கள்.

"நாந்தாங்க வச்சிருந்தேன்" என்றார் அக்கா. "பஸ்ல நல்ல கூட்டம். பையோட நசுங்கிருச்சு போல. தப்பு என்னுதுதாங்க."

சென்னை அம்மா நல்லவர். "பரவாயில்லம்மா, படம்தான் தெரியுதே. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரையைப் பார்த்தார். படிக்க அதில் எதுவும் இல்லை. "இது எங்க ஊரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு என் பக்கம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"எழுத்துல இல்லாததைப் பேசலாங்களா டீச்சர்?"

மறுபடியும் சிரித்தார்கள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட ஆட்டவில்லை. அவர் மனப்பாடம் செய்த ஒரு வரியைச் சொன்னார். அது இரண்டாவது படத்துக்கு உரியது. தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். மறுபடி தொடங்கினார். ஆறாவது நிமிடத்தில் முதல் மணி அடித்தது. அதற்குப் பிறகு அவர் வாய்க்காலைப் பற்றிப் பேசவில்லை. எல்லாருடைய நேரத்தையும் வீணாக்கியதற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். எட்டாவது நிமிடத்தில் இரண்டாவது மணி.

நான்கு வாய்க்கால்களின் பட்டியல் வந்தது. அவர் வாய்க்கால் அதில் இல்லை. எழுத்து சரியாக வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. கிடைத்திருக்காது என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அடுத்த வருடமும் கடைமடைக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. அவர் குத்தகை நிலத்தை விட்டார். வீட்டுவேலைக்குக் குவைத்துக்கே போய்விட்டார் என்று செல்வம் சொன்னான். புருஷனைத் தேடியா, பிழைக்கவா என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அந்த ஊருக்கு மன்னார்குடியிலிருந்து ஒரே பஸ். அதற்குள் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. ஸ்லைடு வேலைதான். நேர்முகத் தேர்வில், கிராமத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டு என்றேன். மிகவும் பாராட்டினார்கள்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள் அக்கா சென்டருக்கு வந்தார். வகுப்பு எதுவும் பாக்கி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் மேசைக்கு எதிரில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார் உங்கள ஏதும் சொன்னாருங்களா டீச்சர்?"

"கேட்டாரு."

"நான் போயிச் சொல்லிட்டு வர்றேன்."

தடுத்திருக்கலாம். அவர் சாரின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனார். கண்ணாடிக் கதவு, பேச்சு கேட்டது. "அவங்க எல்லாம் சரியாத்தான் போட்டுக் குடுத்தாங்க சார். எனக்குத்தான் வெச்சுக்கத் தெரியல. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." சார் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார், "அவ்வளவுதானாம்மா விஷயம்?"

"ஆமா சார்" என்றேன்.

அக்கா திரும்பி வந்தார். செல்வமும் மற்ற பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வாரம் எனக்காக உசிரக் குடுத்தீங்க. அத்தன பேரு முன்னாடி உங்களத் தலகுனிய வெச்சுப்புட்டேன். மன்னிச்சுக்குங்க டீச்சர்."

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"பரவாயில்லக்கா. நான் மனசுல வச்சுக்கல. அடுத்த தடவை பாத்துப் பண்ணுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "இப்பத்தாங்க நிம்மதியா இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.